மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் ஒரு போல்ட்டும்

"வீட்டைக் கட்டிப் பார்; கலியாணத்தைச் செய்து பார்" என்று நம் முன்னோர் எச்சரித்து வைத்தனர். அவர்கள் காலத்திலே மோட்டார் வண்டி இருக்கவில்லை. இருந்திருப்பின், "பழைய லாண்ட் ரோவரைக் கழற்றிப் பார்" என்று மூன்றாவது வாசகமொன்றையும் சேர்த்தே சொல்லியிருப்பர் என்பதில் எமக்கு ஐயமில்லை. முதலிரண்டு கருமங்களையும் ஒருவாறு முடித்துக் கரையேறிவிட்ட நாம், மூன்றாவதிலே அகப்பட்டுக்கொண்டு பட்ட பாட்டினையே இங்கே கூற முன்வந்துள்ளோம்.

எமது இல்லம் தெமட்டகொடையில், பேஸ்லைன் வீதியிலிருந்து உள்ளே செல்லும் ஒரு குறுகிய ஒழுங்கையில் இருக்கின்றது. புகையிரதப் பகுதியின் எஞ்சின் கொட்டகையிலிருந்து அதிகாலையில் எழும் உறுமலே எமக்குச் சேவற் கூவல். அவ்வில்லத்து முன்முற்றத்திலே, மாமரத்தின் கீழே, நான்கு மரக்குற்றிகளின்மேல், சக்கரங்களை இழந்து ஏறக்குறைய ஐந்து மாதம் நின்றது எங்கள் லாண்ட் ரோவர்.

அது எம் தந்தையாரின் வண்டி. அவர் ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் தலைமைக் கிளாக்கராக இருந்தவர். வண்டி 1964ஆம் ஆண்டிலே தயாரானது. துரைமாரை மலையேற்றித் திரிந்தது. 1975ஆம் ஆண்டிற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், ஓடித் தேய்ந்த நிலையில் ஏலத்துக்கு வந்தபோது, தந்தையார் தமது சேமிப்பைக் கொடுத்து அதனை வாங்கினார். லாண்ட் ரோவராயினும் எங்கள் வீட்டில் அதற்கு வழங்கிய பெயர் "ஜீப்" என்பதே. அதிலேதான் நாம் பாடசாலைக்குச் சென்றோம். அதிலேதான் எம் சகோதரியாரின் மணவூர்வலமும் நடந்தது. தந்தையார் மறைந்த பின்னர் வண்டி கொழும்புக்கு வந்தது. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாடு முழுவதும் வரிசையில் நின்ற காலத்தில், பெற்றோலைக் குடித்துத் தள்ளும் இவ்வண்டியை ஓட்டுவது அடாதென்று மாமரத்தின் கீழ் நிறுத்தினோம். நிறுத்தியது நின்றே போயிற்று.

எண்பத்து மூன்று வயதான எம் அன்னையார் ஒரு நாள் மாலை, திண்ணையிலிருந்து அதனைப் பார்த்தபடி, "கண் மூடமுந்தி ஒருக்கால் அந்தத் தோட்டத்தைப் பாத்திட்டு வரவேணும். உந்த ஜீப்பிலைதான்" என்றார்.

அன்னையார் எம்மிடம் எதனையும் கேட்பவர் அல்லர். ஆகவே சித்திரை வருடப் பிறப்பு விடுமுறைக்குள் வண்டியைச் சீர்செய்வதென்று உறுதி பூண்டோம். ஒரு கராஜிலே விசாரித்தபோது அவர்கள் கூறிய தொகை எமது உறுதியைச் சிறிது அசைத்தது. "வீட்டிலேயே செய்து விடுவோம், அப்பா" என்றான் உயர்தர வகுப்பிற் பயிலும் எம் புதல்வன். துயரம் அங்கேதான் ஆரம்பமாயிற்று.

மணலிற் பிறந்த வண்டி

இவ்வண்டியின் பிறப்பும் ஒரு பழைய வண்டி கொடுத்த கவலையிலிருந்தே நிகழ்ந்தது என்பது சுவையான செய்தி. இங்கிலாந்தின் ரோவர் கம்பனியிலே தலைமைப் பொறியியலாளராக இருந்தவர் மொறிஸ் வில்க்ஸ் என்பவர். வேல்ஸ் தேசத்து ஆங்கிள்சித் தீவிலிருந்த தமது பண்ணையில், யுத்தம் முடிந்தபின் எஞ்சிய இராணுவ ஜீப் ஒன்றை அவர் வைத்திருந்தார். அது தேய்ந்து போனால் அதற்கு ஈடாக எதனை வாங்குவது என்ற கேள்வி எழுந்தபோது, அத்தகைய வண்டியைத் தாமே செய்தாலென்ன என்ற எண்ணம் பிறந்தது. 1947ஆம் ஆண்டிலே கடற்கரை மணலில் அதன் உருவத்தைக் கீறிக் காட்டினார் என்பர். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் நகரக் கண்காட்சியிலே லாண்ட் ரோவர் உலகுக்கு அறிமுகமாயிற்று.

யுத்தத்தின் பின் இங்கிலாந்தில் உருக்குக்குப் பெருந் தட்டுப்பாடு நிலவியது. ஆதலின் வண்டியின் உடலை அலுமினியக் கலப்பு உலோகத்தால் அமைத்தனர். சஸி எனப்படும் அடிச்சட்டமோ உருக்கினால் ஆயது. "இது துருப்பிடிக்காத வண்டி" என்று மக்கள் நம்புவதற்கு இதுவே காரணம். அந்நம்பிக்கை பாதி உண்மை, பாதி மாயை. மேலே அலுமினியம் பளபளத்துக்கொண்டிருக்கும். கீழே பெட்டி போன்ற சஸியின் உட்புறத்தில் ஈரமும் சேறும் தங்கி, வெளியே தெரியாமலே துரு தின்றுகொண்டிருக்கும். கறையான் அரித்த நிலைக்கதவு வெளியே வர்ணம் மாறாது நிற்பதில்லையா? அதைப் போன்றதே இதுவும்.

மாணவ நேயர்கள் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உப்பு நீர் பட்டால், அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகிவிடுகின்றது. அதில் அலுமினியமே கரைந்து வெள்ளைப் பொடியாகின்றது. கொழும்பின் கடற்காற்றில் உப்புக்குப் பஞ்சமில்லை. எங்கள் வண்டியின் கதவடியில் விரலால் அழுத்தியபோது அவ்வெள்ளைப் பொடி மாவு போல் உதிர்ந்தது. பாடப் புத்தகத்திற் படித்ததை முற்றத்திலே கண்ட மகிழ்ச்சி புதல்வனுக்கு. எமக்கோ செலவுக் கணக்கு மனத்திலோடியது.

திருகத் திருக

வண்டியின் பாரத்தைத் தாங்குபவை ஸ்பிரிங் பட்டைகள். அவற்றின் ஒரு முனை சஸியுடன் ஷக்கிள் என்னும் இரட்டைத் தகடுகளால் இணைக்கப்பட்டிருக்கும். தகடுகளினூடே ஒரு நீண்ட போல்ட் செல்லும். அப்போல்ட்டைச் சுற்றிப் புஷ் என்னும் இறப்பர் வளையம் இருக்கும். அந்த இறப்பரின் உள்ளே ஓர் உருக்குக் குழாயும் வெளியே ஓர் உருக்குக் குழாயும் ஒட்டியிருக்கும். பின்புறத்து ஸ்பிரிங்குகளின் புஷ்கள் தேய்ந்துவிட்டன. வண்டி பாதையில் நண்டு போல் நடப்பதற்கு இதுவே காரணம் என்று கண்டோம். நான்கு போல்ட்டுகளைக் கழற்றிப் புதிய புஷ்களை இட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்துவிடும் என்று கணித்தோம்.

முதல் ஞாயிறு வலப்பக்கத்துப் போல்ட்டில் ஸ்பானரை மாட்டித் திருகினோம். அது சுழன்றது. "ஆகா, இளகிவிட்டது!" என்று ஆர்ப்பரித்தோம். கையை எடுத்ததும் அது இருந்த இடத்துக்கே மீண்டு வந்தது. மீண்டும் திருகினோம், மீண்டும் திரும்பியது. நண்பகல் வரை இந்த ஊஞ்சலாட்டம் நடந்தது.

காரணம் பின்னரே விளங்கிற்று. அறுபதாண்டுத் துரு, போல்ட்டையும் உட்குழாயையும் ஒன்றாக்கிவிட்டது. நாம் திருகும்போது போல்ட்டுடன் உட்குழாயும் சுழல்கின்றது. இடையிலுள்ள இறப்பர் முறுகுகின்றது. விட்டதும் இறப்பர் தன் இயல்புக்கு மீள்கின்றது. எத்தனை பேர் சேர்ந்து திருகினாலும் முடிவு இதுவே. பலம் இல்லாமையால் வந்த தோல்வியன்று. பலம் சென்று சேர வேண்டிய இடத்துக்குச் சேராமையால் வந்த தோல்வி.

இரண்டாம் ஞாயிறு மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றி, சுத்தியலால் அடித்தோம். போல்ட்டின் தலை காளான் போல விரிந்தது; அசையவில்லை. நெருப்பு வைத்து இறப்பரை எரித்துவிட்டால் இளகும் என்று எவரோ கூறியது நினைவுக்கு வர, ஊதுவிளக்கைத் தேடி எடுத்தோம். அவ்வேளை மதிலுக்கப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அயல்வீட்டு நானா ஓடி வந்தார். எஞ்சின் கொட்டகையிலே பிற்றராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர்.

"பெற்றோல் வண்டிக்குக் கீழ நெருப்பா தம்பி? வேணாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் கூறிய வழி மெதுவானது. போல்ட்டின் இரு புறத்தையும் வாளினால் அறுத்துத் துண்டாக்குதல். இறப்பரைத் துளைக்கும் கருவியால் சிறிது சிறிதாகத் துளைத்து எடுத்தல். எஞ்சிய வெளிக்குழாயை வாள் அலகால் நீளப்பாட்டிற் கீறி, உட்புறம் மடித்துத் தட்டி வெளியேற்றுதல். மூன்றாம் ஞாயிறு முழுவதும் இதற்கே ஆயிற்று. ஏழு வாள் அலகுகள் முறிந்தன. எமது பெருவிரல் நகம் ஒன்றும் கறுத்தது. சூரியன் மறையும் வேளையில் அந்தத் துருப்பிடித்த துண்டு "தொப்" என்று மண்ணில் விழுந்தது. உள்ளங்கை நீளமான ஒரு போல்ட்! அதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்!

"இஞ்சாருங்கோ, முற்றத்திலை கிடக்கிற இரும்பெல்லாம் எப்ப திரும்ப வண்டியாகும்?" என்று எம் இல்லாள் கேட்டது நியாயமான கேள்வியே. விடை எம்மிடம் இருக்கவில்லை.

பஞ்சிகாவத்தைப் படலம்

தெமட்டகொடையில் வசிப்பவருக்கு ஒரு பெரும் பாக்கியம் உண்டு. அருகிலேயே மருதானைப் பக்கம் பஞ்சிகாவத்தை இருக்கின்றது. இலங்கையில் ஓடும் வண்டி எதுவாயினும் அதன் உறுப்பொன்று அங்கே தொங்கிக்கொண்டிருக்கும் என்பர். ஒரு கடையில் விளக்குகள் மாத்திரம். மறு கடையில் கதவுகள் மாத்திரம். இன்னொன்றில் எண்ணெய் வடியும் கியர்ப் பெட்டிகள் நிலைவாசல் வரை அடுக்கப்பட்டிருக்கும். சிங்களம், தமிழ் இரண்டும் கலந்து பேரம் நடக்கும். 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இலேயே படிப்படியாக மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட அவ்வாண்டுகளில், இருக்கும் வண்டியை எப்படியேனும் ஓடவைப்பதைத் தவிர மக்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. இத்தகைய கடைத்தெருவின் அருமை அக்காலத்தில் யாவருக்கும் விளங்கிற்று.

அங்கே நாம் கற்ற பாடம் நட்டைப் பற்றியது. பின் அச்சுப் பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்தமையால் அதனைத் திறந்திருந்தோம். ஒரு நட் தொலைந்துவிட்டது. அதே பருமனுள்ள புத்தம்புது நட்டொன்றை வாங்கி வந்து பூட்டினோம். இரண்டு சுற்று இனிதாக ஏறிற்று. பின்னர் இறுகியது. "புதிதல்லவா, அப்படித்தான் இருக்கும்" என்று பெரிய ஸ்பானரால் அழுத்தினோம். மரை முழுவதும் தும்பு தும்பாய் உரிந்து வந்தது.

இதன் பின்னே ஒரு சரித்திரம் உண்டு. 1841ஆம் ஆண்டில் ஜோசப் விட்வர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர், ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போனபடி மரை வெட்டிய குழப்பத்தை நீக்க, 55 பாகைக் கோணமுள்ள பொது மரையொன்றை வகுத்தார். அமெரிக்கரோ 60 பாகையை மேற்கொண்டனர். இரண்டாம் உலக யுத்தத்திலே ஒரு நாட்டின் நட் மறு நாட்டின் போல்ட்டில் ஏறாமல் நேச நாடுகள் பட்ட அல்லலின் பயனாக, 1948இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகியன 60 பாகைப் பொது மரையொன்றை ஏற்றுக்கொண்டன. எங்கள் லாண்ட் ரோவர் இவ்விரு யுகங்களுக்கும் நடுவே பிறந்த பிள்ளை. அதன் உடலில் புதிய முறை. அச்சிலும் கியர்ப் பெட்டியிலும் பல இடங்களில் பழைய முறை. எட்டில் மூன்று அங்குலப் பருமனுள்ள பழைய நுண்மரைக்கு அங்குலத்துக்கு 20 புரி. புதிய நுண்மரைக்கு 24 புரி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முதலிரு சுற்று வரை இரண்டும் உறவு கொண்டாடும். அதன் பின்னரே பகை தெரியும்.

ஸ்பானர்களின் சங்கதி இதனினும் விநோதமானது. புதிய முறை ஸ்பானரில் பொறித்திருக்கும் அளவு நட்டின் அகலத்தைக் குறிக்கும். விட்வர்த் ஸ்பானரில் பொறித்திருப்பதோ போல்ட்டின் பருமன். ஆகவே ஒரே எண்ணைத் தாங்கிய இரு ஸ்பானர்கள் வெவ்வேறு அளவில் இருக்கும். இதை அறியாத நாம், "ஸ்பானரைச் செய்தவனுக்குக் கணக்குத் தெரியாது" என்று அநியாயமாக வைதோம். கணக்குத் தெரியாதவர் யார் என்பதைப் புதல்வன் மெல்ல எடுத்துரைத்தான்.

அந்த உரிந்த மரையைச் சரிசெய்யக் கடைசல் பட்டறையொன்றுக்குச் சென்றோம். அங்கிருந்தவர் ஒரு நட்டை விரலாலே திருகிப் பார்த்து, "கையாலை ஏறாததைச் சாவியாலை ஏத்தாதையுங்கோ" என்றார். இன்றும் ஒவ்வொரு நட்டையும் முதலில் விரலாலே திருகிய பின்னரே ஸ்பானரைத் தொடுகின்றோம்.

நாம் நகைத்த கைவேலை

வலப்பக்கம் முடிந்தது, இடப்பக்கம் எஞ்சியது. இன்னும் மூன்று ஞாயிறு என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு குனிந்து பார்த்தபோது, அங்கிருந்த புஷ் தொழிற்சாலைப் பொருளன்று என்பது தெரிந்தது. இறப்பர் கரடுமுரடாக வெட்டப்பட்டிருந்தது. நடுவே உருக்குக் குழாய்க்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்று! "எந்த மடையன் செய்த வேலையடா இது!" என்று உரக்க நகைத்தோம். நாமும் புதல்வனும் அந்த அநாமதேயக் கைவேலைக்காரனை அரைமணி நேரம் வாயாரப் பரிகசித்தோம்.

பின்னர் ஸ்பானரை வைத்துத் திருகினோம். போல்ட் சுழன்றது, கையை எடுத்தோம், திரும்பவில்லை. மேலும் சுற்றினோம், வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. போல்ட் முழுவதும் கறுத்துத் தடித்த கிறீஸ் பூசப்பட்டிருந்தது. துடைத்தால் உள்ளே உருக்கு புதியது போல் மின்னிற்று.

அதிசயித்து நின்றவேளை அன்னையார் தடியூன்றி வந்து, அந்த இறப்பர்த் துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"உது கொப்பற்றை கைவேலையெல்லே? லொறி ரயரை வெட்டி, தண்ணிக் குழாய்த் துண்டொண்டை நடுவிலை வைச்சுச் செய்தவர். அந்த நாளையிலை சாமான் எங்கை கிடைச்சது? கிறீசை மட்டும் அள்ளி அள்ளிப் பூசுவார். 'பிறகு இதைக் கழட்டிறவன் என்னைத் திட்டக் கூடாது' எண்டு சொல்லுவார்."

எமக்குப் பேச நா எழவில்லை. புதல்வனும் தலை குனிந்து நின்றான்.

1970 முதல் 1977 வரை இந்நாட்டில் இறக்குமதிக்குக் கடுங் கட்டுப்பாடு நிலவியதை முதிய நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். துணிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற காலத்தில், ஒரு கிளாக்கரின் பழைய வண்டிக்கு இங்கிலாந்திலிருந்து இறப்பர் வளையம் வருமா? தந்தையார் பொறியியல் கற்றவர் அல்லர். பேரேடு எழுதிய கையாலேயே ரயரை வெட்டினார். அவ்வேலை அழகானதன்று, இன்றைய நிலையில் பாதுகாப்பானதுமன்று. ஆனால் அதைச் செய்தபோது, தமக்குப் பின்னர் அவ்விடத்தில் கைவைக்கப் போகும் ஒருவனை அவர் நினைத்தார். அந்த ஒருவன் தம் மகனாகவே இருப்பான் என்று எண்ணியிருப்பாரோ என்னவோ, நாம் அறியோம்.

புதிய புஷ்களையே பூட்டினோம். அவற்றில் ஏற்படும் இன்னொரு பிழையையும் இங்கே குறிப்பிடல் நன்று. வண்டி குற்றிமேல் தூக்கி நிற்கும்போது ஷக்கிள் போல்ட்டை முற்றாக இறுக்கக் கூடாது. கீழே இறக்கிப் பாரம் முழுவதும் ஸ்பிரிங்கின்மேல் வந்த பின்னரே இறுக்க வேண்டும். அல்லாவிடின் இறப்பர் எந்நேரமும் முறுகிய நிலையில் இருந்து விரைவிலே கிழிந்துவிடும். தந்தையாரின் இறப்பர்த் துண்டு எமது மேசைமேல் இருக்கின்றது.

எங்கும் இதே பாடுதான்

மனம் சோர்ந்த இரவுகளிலே, உலகில் வேறு யாரேனும் இவ்வாறு அல்லற்பட்டதுண்டா என்று தேடிப் படித்தோம். ஆறுதல் கிடைத்தது. 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியிலே வைக்கப்பட்ட வண்டிகளுள் ஒன்றே, 1960களில் வீதியை விட்டு நீங்கி, வேல்ஸ் தேசத்து வயலொன்றில் ஏறக்குறைய இருபது ஆண்டு கிடந்தது. பின்னர் ஒருவர் திருத்தவென வாங்கினார், அவ்வேலை முடியவில்லை. அது பிறந்த சொலிஹல் தொழிற்சாலைக்குச் சில மைல் தூரத்தில், ஒரு வீட்டுத் தோட்டத்திலே மறைந்து கிடந்ததை 2016இல் கண்டுபிடித்தனர். 2018இல் கம்பனியின் நிபுணர்களே அதனைத் திருத்தப் பொறுப்பேற்றனர். உலகின் முதலாவது கண்காட்சி வண்டிக்கே இக்கதியென்றால், தெமட்டகொடை மாமரத்தடி வண்டி எம்மாத்திரம்!

1955ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் அறுவர் இரண்டு லாண்ட் ரோவர்களில் இலண்டனிலிருந்து புறப்பட்டு, 1956இல் சிங்கப்பூரை அடைந்தனர். அவ்விரண்டில் ஆக்ஸ்போர்ட் என்று பெயரிடப்பட்டது, பின்னாளில் அத்திலாந்திக் சமுத்திரத்து சென் ஹெலினாத் தீவில் சிதைந்து கிடந்தது. அதனை மீட்டுச் செப்பனிட்டு, 2019இல் சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்கே ஓட்டிச் சென்றனர். நம் அயல்நாட்டிலே, டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சங் என்னும் ஊரிலிருந்து 3,636 மீற்றர் உயரமான சந்தக்பு சிகரத்துக்கு, 1950களில் தயாரான லாண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகளாகப் பயணிகளை ஏற்றிச் சென்றன. தொழிற்சாலை மறந்த பின்னும் அவ்வூர்க் கைவினைஞர் அவற்றை மறக்கவில்லை.

பெயர் எழுதாத போத்தல்

இனிச் சொல்லப் போவது எமக்குப் பெருமை தரும் விஷயமன்று. ஆயினும் நேயர்களின் நன்மை கருதி மறைக்காது கூறுகின்றோம்.

வண்டி மண்ணில் இறங்கியது. எஞ்சின் ஓடியது. சித்திரைக்கு ஒரு வாரம் இருந்தது. பிரேக் பெடல் சற்று மெத்தென்று இருந்தமையால், அதன் திரவத்தைச் சிறிது நிரப்பினோம். கொட்டிலின் அலுமாரித் தட்டிலே அரைப் போத்தல் இருந்தது. அதை எடுத்து ஊற்றினோம். மறுநாள் மாலை புதல்வனை அருகிலிருத்தி ஒழுங்கையிலே ஓட்டிப் பார்த்தோம். வண்டி சிறிது சிறிதாகக் கனத்தது. யாரோ பின்னிருந்து இழுப்பது போலிருந்தது. கருகிய நாற்றம் வந்தது. இறங்கிப் பார்த்தால் சக்கரங்களிலிருந்து புகை! கை வைக்க முடியாத சூடு.

நானா வந்தார். திரவத்தை விரலில் தொட்டுத் தேய்த்தார், முகர்ந்தார். "தம்பி, இது எஞ்சின் எண்ணெ" என்றார்.

பிரேக் திரவம் என்பது வேறு; மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெய் என்பது வேறு. பழைய பிரேக்குகளின் உள்ளே இருக்கும் இறப்பர்க் கிண்ணங்கள் எஞ்சின் எண்ணெய் பட்டால் பொருமிப் பருக்கும். பருத்தவை, திரவம் திரும்பிச் செல்லும் சிறு துவாரத்தை மூடிவிடும். காலை எடுத்த பின்னரும் பிரேக் விடாது, உராய்ந்து சூடேறும், முடிவிலே இறப்பர் சிதைந்து, பிரேக் முற்றாகவே இல்லாமற் போகவும் கூடும்.

அந்தப் போத்தலில் எண்ணெயை ஊற்றி வைத்தவர் யார்? நாமேதான். போல்ட்டுக்கு ஊற்றவென்று மூன்று மாதத்துக்கு முன் வைத்தோம். பெயர் எழுதி ஒட்டவில்லை. அடுத்த ஞாயிறு அன்னையாரை ஏற்றிக்கொண்டு, கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கும் அந்தப் பள்ளப் பாதையில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. ஓடாத வண்டி எவரையும் கொல்லாது. நில்லாத வண்டியே கொல்லும்.

தந்தையார் தமக்குப் பின் வருபவனை நினைத்துக் கிறீஸ் பூசினார். நாமோ நாளை வரப்போகும் எம்மையே நினைத்து ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு சொல் எழுதவில்லை. அம்மடையன் யார் என்று அன்று கேட்டோமே, விடை கிடைத்துவிட்டது.

பிரேக்கின் இறப்பர்கள் அனைத்தையும், குழாய்கள் உட்பட, மாற்ற வேண்டியதாயிற்று. அவ்வேலையை வீட்டிற் செய்ய நாம் துணியவில்லை. அனுபவமுள்ள ஒருவரிடம் வண்டியை ஒப்படைத்தோம். செலவு அதிகமே. எஞ்சின் பிழைத்தால் வண்டி நிற்கும். விளக்குப் பிழைத்தால் பகலில் ஓட்டலாம். இவையெல்லாம் வீட்டுப் பரிசோதனைக்கு உரியவை. பிரேக்கும் சுக்கானும் பரிசோதனைக்கு உரியவை அல்ல. அவற்றைத் தாமே செய்ய வல்லவரும், பூட்டிய பின் மற்றொருவரின் கண்ணுக்குக் காட்டுதல் கடமை.

சித்திரை தவறியது. வைகாசியிலே ஒரு நாள் விடியற்புறம், அன்னையாரை முன்னாசனத்தில் இருத்திப் புறப்பட்டோம். அவிசாவளை, கித்துல்கலை கடந்து வண்டி மூச்சு வாங்கி மலையேறியது. ஹற்றனுக்கப்பால் அந்தத் தோட்டத்துக் கிளாக்கர் பங்களாவின் முன் நிறுத்தினோம். அங்கே இப்போது வேறொரு குடும்பம் இருக்கின்றது. அவர்கள் தேநீர் தந்தனர். அன்னையார் அதிகம் பேசவில்லை; வண்டி நிறுத்தும் இடத்திலிருந்த ஒரு சப்பாத்துக் கல்லைக் காட்டி, "இதிலை இருந்துதான் ரயரை வெட்டினவர்" என்று மாத்திரம் சொன்னார். திரும்பும்போது கினிகத்தேனைப் பள்ளத்தில் பிரேக் ஒவ்வொரு வளைவிலும் சொன்ன சொற் கேட்டது.

இப்பொழுது எமது கொட்டிலில் ஒவ்வொரு போத்தலுக்கும் பெயர் உண்டு. புதல்வனின் கையெழுத்தில் திகதியும் உண்டு. பின்புறத்து நான்கு போல்ட்டுகளிலும் கிறீஸ் தாராளமாகப் பூசியிருக்கின்றோம். என்றோ ஒரு நாள் எவரோ ஒருவர் அந்த வண்டியின் கீழ் படுத்து ஸ்பானரை மாட்டுவார். அவருக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆகா. பத்து நிமிடம் போதும்.